பஞ்சுல் துறையில் ஓடிவந்தவர்

கேதீஸ்வரன் அவளுக்குப் பின்னால் நடந்து வந்தார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் யோகராணி முதலில் நினைத்தாள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு முன்னால்தான் நடந்திருக்கிறார். சிட்னியின் பென்டில் ஹில் கடைத்தெருவில், மேஸ் ஹில் முருகன் கோயில் வீதியில், விமான நிலையங்களில், எங்கே போனாலும் நாலைந்து எட்டு முன்னே போய், திரும்பிப் பாராமலே வலக்கையைப் பின்னால் நீட்டி, கெதியாய் வா என்பதுபோல விரல்களை மட்டும் அசைப்பார். மனைவியோடு சேர்ந்து நடக்கத் தெரியாத மனுசன் என்று மகள் மயூரா கேலி செய்வாள். அந்தக் கையைப் பின்தொடர்ந்தே யோகராணிக்கு அறுபது வயதாகிவிட்டது. இப்போது முன்னால் அந்தக் கை இல்லை. முன்னால் புழுதி படிந்த சந்தை ஒழுங்கை மட்டும் நீண்டு கிடந்தது. பின்னால் அவருடைய செருப்புச் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது.

"என்னப்பா பின்னால வாறியள்? கால் நோகுதே?"

"இல்லையே. நீர் ஆறுதலா நடவும்."

ஆறுதலாக, அவசரமில்லாமல். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

அது காம்பியாவின் துறைமுக நகரமான பஞ்சுல். கேப் டவுனில் அவர்கள் ஏறிய பயணிகள் கப்பல், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக ஊர் ஊராக நின்று வந்து, அன்று காலை இங்கே கட்டியிருந்தது. பின்னேரம் புறப்பட்டுவிடும். சிட்னி ரயில்வேயில் சிக்னல் பொறியியலாளராக இருந்த கேதீஸ்வரனும், முதியோர் இல்லமொன்றில் தாதியாக இருந்த யோகராணியும் ஒரே வருடத்தில் ஓய்வுபெற்றபோது, மயூராவும் மருமகன் கீர்த்தனனும் சேர்ந்து ஏற்பாடு செய்த பயணம் இது. கிரவீன் வீட்டைப் பூட்டிவிட்டு இவ்வளவு நாள் அவர்கள் எங்கேயும் போனதில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்னர்தான் அவர் காணாமல் போனார். துணிக்கடை ஒன்றின் வாசலில் அவளை நிறுத்தி, "நீர் இதில நில்லும், ஒருக்கா பாத்ரூம் போட்டு வாறன்" என்று சந்தைக்குள் போனவர் வரவேயில்லை. கடைக்காரி ஃபாத்து, வாய் நிறையச் சிரிப்புள்ள பெருத்த பெண், ஆண்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் அம்மா என்று ஆங்கிலத்தில் சொல்லி, தொங்கவிட்டிருந்த துணிகளுக்குப் பின்னால் நிழலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, குடிக்கக் குளிர்ந்த தண்ணீர்ப் பை ஒன்றும் கொடுத்தாள். மஞ்சளும் நீலமுமாகத் துணிகள் காற்றில் மெல்ல ஆடின. எங்கேயோ தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. அந்தச் சத்தத்தில் யோகராணிக்குக் கண் சொருகியது. பிறகு திடுக்கிட்டு எழுந்து அவரைத் தேடப் போனாள்.

தேடிப் போன வழியில் கருவாட்டுக் கொட்டகை ஒன்று குறுக்கிட்டது. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் கம்பி கம்பியாக இறங்க, ஒவ்வொரு கம்பியிலும் பாலைவனத்திலிருந்து வந்த தூசி சுழன்றது. புகை போட்ட மீனின் மணம், ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுக் குசினியில் கருவாடு பொரிக்கும்போது எழும் அதே மணம், தொண்டைவரை வந்து உட்கார்ந்துகொண்டது. நடுவழியில், விமானம் இறங்கும்போது காது அடைப்பதுபோல, சந்தையின் சத்தம் முழுவதும் ஒரு கணம் அறுந்துபோனது. கூவி விற்றவர்கள், கோழிகள், வானொலி, எதுவுமே இல்லை. அவள் எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கத்தால் வந்தாள் என்பதுகூட விளங்கவில்லை. பிறகு சத்தம் திரும்பி வந்தது. வெளிச்சம் தெரிந்த பக்கமாக நடந்து வெளியே வந்தபோது யாரோ பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டார்கள்.

கேதீஸ்வரன். பழுப்புக் கட்டம் போட்ட அதே சட்டை. அதே தொப்பி.

"எங்க போனனீங்கள்? நான் செத்துப் போனன்," என்றாள் அவள்.

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வழக்கமாக அவர்தான் முதலில் ஏசுவார்; நிக்கச் சொன்ன இடத்தில நிக்கத் தெரியாதே என்பார். அன்று ஏசவில்லை.

"வந்திட்டன்தானே," என்றார்.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் ஃபாத்துவின் கடையைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல யோகராணி கையை உயர்த்தினாள். துணியொன்றை மடித்துக்கொண்டிருந்த ஃபாத்து நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்புத் தொடங்கிய வாய் அப்படியே நின்றது. அவள் யோகராணியைப் பார்த்தாள். பிறகு, மெல்லத் திரும்பி, தொங்கும் துணிகளுக்குப் பின்னால் கடையின் உட்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி யோகராணியைப் பார்த்தாள். பாதி மடித்த துணி அவள் கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"என்ன நடந்தது?" என்று கேட்க யோகராணி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அவர் அவள் முழங்கையைப் பிடித்தார். இறுக்கமாக அல்ல. "வாரும் ராணி. நேரமாகுது," என்றார்.

துறைமுகம் வரைக்கும் அந்தத் தெரு நேராகப் போனது. வானம் முழுக்கத் தூசி மூடியிருந்தது. அதற்கு மேலே சூரியன் தேய்ந்த நாணயம்போலத் தெரிந்தது. ஓடுகளின் மேல் கழுகுகள் கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருந்தன. ஒரு வாசலில் இளைஞர்கள் சிலர் கரியடுப்பில் பச்சைத் தேநீர் காய்ச்சி, உயரத்திலிருந்து சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் காலையில் பார்த்ததுபோலவே இருந்தது. எல்லோரும் இருமினார்கள். காற்று அப்படி. காலையில் கேதீஸ்வரனும் வழி நெடுக இருமி இருமித்தான் வந்தார். இப்போது பின்னாலிருந்து இருமல் வரவில்லை. வலது முழங்கால் தேய்ந்துபோனதால் அவர் நடக்கும்போது ஒரு செருப்பு மட்டும் நிலத்தில் இழுபடும். இப்போது இரண்டு செருப்பும் ஒரே சீராக விழுந்தன.

அவள் திரும்பிப் பாராமலே கேட்டாள். "மயூரா பிறந்த அண்டைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கே?"

"இருக்கு. காரைக் குறுக்க நிப்பாட்டினதுக்கு ஒருத்தன் ஏசினவன். நீர் நீலப் போர்வை ஒண்டு போர்த்தியிருந்தனீர். நோ வரேக்க என்ர கையைக் கடிச்சனீர்."

எல்லாம் சரி. ஆனால் அந்தப் போர்வையின் நிறத்தை அவர் கவனித்திருப்பார் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கப்பல் வாசலில் அட்டைகளை மெஷினில் வைத்தார்கள். திரையில் அவர்களுடைய படங்கள் வந்தன, பச்சை விளக்கு எரிந்தது, வாருங்கள் என்று காவலர் சிரித்தார். மெஷின் அவரை ஏற்றுக்கொண்டதைப் பார்த்ததும் யோகராணிக்குத் தன் பயத்தை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது. வெயில். தூசி. கிறுகிறுப்பு. முதியோர் இல்லத்தில் தண்ணீர் குடிக்காத கிழவிகள் பெற்ற பிள்ளைகளையே ஆர் எண்டு கேட்பதை அவள் எத்தனை தரம் பார்த்திருக்கிறாள்.

அறைக்குள் போனதும் அந்த ஆறுதலும் போய்விட்டது.

அவர் கட்டில் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றவில்லை. டிவியைப் போடவில்லை. வழக்கமாகக் கதவு திறந்ததும் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அண்ணாந்து மடமடவென்று குடிப்பவர், மேசையில் நிறைந்திருந்த போத்தலைப் பார்த்தும் அசையவில்லை. ஏசி மெதுவாக இரைந்தது. அறை முழுவதும் சவர்க்கார மணம். சந்தையில் அத்தனை நேரம் நின்ற மனிதரிடம் கருவாட்டு மணமும் இல்லை, வியர்வை மணமும் இல்லை. அவள் தேநீர் போட்டாள். அவருடைய கோப்பையில் ஆடை படிந்தது. அவளுக்கும் குடிக்க மனம் வரவில்லை.

"பிரஷர் குளிசையைப் போடும்," என்றார். "நீர் காலமை போடேல்ல."

அவள் போடவில்லைதான். அவளுக்கே அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நான் ஒருக்கா மேல போட்டு வாறன். காத்துப் படட்டும்."

முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "இண்டைக்கு மேல போக வேண்டாம், ராணி."

"ஏன்?"

"இதிலயே இரும். என்னோட."

குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் அவளை எழுப்பிக் கதவுக்குத் துரத்தியது. மனிதர்கள் நடுவில் நிற்கவேண்டும். சத்தம் உள்ள இடத்தில் நிற்கவேண்டும். அவள் லிஃப்டுக்கும் காத்திராமல் படிகளில் ஏறினாள்.

மேல்தளத்தில் கூட்டம் கைப்பிடிக் கம்பியோடு சாய்ந்து நின்றது. கப்பல் ஊதிவிட்டது. கீழே துறையில் ஆட்கள் தடித்த கயிறுகளைக் கழற்றித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஜீலோங்கிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி, காலைச் சாப்பாட்டில் பழக்கமானவர்கள், அவளுக்கு இடம் விட்டு விலகினார்கள். யாரோ பிந்திவிட்டார்கள், பாவம், பார் ஓடி வருகிறதை என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டினாள். கூட்டம் கைதட்டியது. சிலர் விசிலடித்தார்கள். மேலே ஒரு பால்கனியில் யாரோ கைபேசியை நீட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரக்குப் பெட்டிகளுக்கும் ஒரு கொட்டகைக்கும் நடுவிலிருந்து ஒரு மனிதர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

தூசிக்குள் முதலில் தொப்பிதான் தெரிந்தது. பிறகு சட்டை. பழுப்புக் கட்டம். அவர் வலது காலை இழுத்து இழுத்து ஓடினார். ஓர் இடத்தில் நின்று, குனிந்து, இருமினார். பிறகு நிமிர்ந்து, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கப்பலைப் பார்த்து ஆட்டினார். மற்றக் கையைப் பின்னால் நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. விரல்கள் மட்டும் அசைந்தன. கெதியாய் வா, கெதியாய் வா.

யோகராணியின் கைகள் கம்பியில் ஒட்டிக்கொண்டன.

அவர். அவர்தான். அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

"பாக்காதையும்."

காதுக்கு மிக அருகில். அவர் எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை. இரண்டு கைகளாலும் அவள் தோள்களைப் பிடித்து, குழந்தையைத் திருப்புவதுபோல மெதுவாகத் திருப்பினார். "பாக்காதையும் ராணி. உள்ள வாரும். தயவு செய்து."

அவள் அவரைத் தள்ளிவிட்டு ஓடினாள். வெள்ளைச் சீருடை போட்ட இளம் அதிகாரி ஒருவர் படியடியில் நின்றார். கப்பலை நிறுத்துங்கள், என்னுடைய கணவர் கீழே நிற்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி சிரிக்கவில்லை. உடனே அறை எண்ணைக் கேட்டு வயர்லெஸ்ஸில் பேசினார். பதில் வந்தது. எல்லோரும் கப்பலில் இருக்கிறார்கள் அம்மா, ஒருவரும் குறையவில்லை, உங்கள் கணவரும் உங்களோடுதான் ஏறியிருக்கிறார் என்றார். பிறகு அவளுடைய தோளுக்கு மேலாகப் பார்த்து, மரியாதையாக, இவர் யார் என்று கேட்டார்.

கேதீஸ்வரன் பின்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"மனுசிக்கு வெயில் ஒத்துக்கேல்ல," என்று அவர் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தலையசைத்தார்.

அவள் மறுபடி கம்பிக்கு ஓடியபோது கப்பல் திரும்பத் தொடங்கியிருந்தது. துறையை ஒரு சரக்குக் கப்பல் மறைத்தது. அதற்குப் பிறகு தூசி மறைத்தது. கூட்டம் சலித்துக் கலைந்துபோனது.

மறுநாள் காலை மயூரா சிட்னியிலிருந்து எடுத்தாள். குரல் நடுங்கியது.

"அம்மா, எங்க நிக்கிறீங்கள்?"

"கப்பல்ல, பிள்ளை."

"அப்பா?"

யோகராணி கட்டிலைப் பார்த்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவும்," என்றாள்.

"தாங்க் காட். எனக்கு ஒரு ஸ்காம் கோல் வந்தது. காம்பியா நம்பர். அச்சா அப்பாட வொய்ஸ் அம்மா. கப்பல் விட்டிட்டுப் போட்டுது, பாஸ்போர்ட் உள்ள இருக்கு, ஏதாவது செய் எண்டு. பின்னால ஒரு பொம்பிளை அழுகிற சத்தம். இப்ப ஏஐ வச்சுக் குரலையும் செய்யிறாங்களாம். கீர்த்தனன் உடன கட் பண்ணச் சொன்னவர்."

அறை மெதுவாக ஏறி இறங்கியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். மகளிடம் சொல்லவேண்டுமானால் இப்போது சொல்லவேண்டும். சொன்னால், கதவு பூட்டிய இந்த அறையில், சுற்றிவரக் கடல் மட்டும் உள்ள இடத்தில், அவள் இவரோடு இருக்கவேண்டும்.

"ஓம் பிள்ளை," என்றாள். "கள்ளர்தான். இனி எடுத்தாலும் எடுக்காத."

"புளொக் பண்ணிட்டன்," என்றாள் மயூரா.

கிரவீனில் வீடு போட்டது போட்டபடி இருந்தது. அஞ்சல் பெட்டியில் விளம்பரத் தாள்கள், பின்வளவில் வாடிய கறிவேப்பிலை மரம். அவர் முதல் வேலையாக அதற்குத் தண்ணீர் விட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் விட்டார். சாப்பிட்ட கோப்பைகளைத் தானே கழுவினார். அவள் காலை நீட்டி உட்கார்ந்தால் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். குரலை உயர்த்தவேயில்லை. மயூரா தாயைக் குசினிக்குள் தள்ளிக்கொண்டு போய், "அப்பா டோட்டலி சேஞ்ச்ட், என்ன செய்தனீங்கள்?" என்று சிரித்தாள். கோயிலில் சந்தித்த பவளம் அன்ரி, இப்பிடி ஒரு மனுசன் கிடைக்க நீ குடுத்து வச்சனீ என்றாள்.

யோகராணி மயூராவின் பழைய அறையில் படுத்தாள். குறட்டைச் சத்தமென்று காரணம் சொன்னாள். அவர் குறட்டையே விடவில்லை. பக்கத்து அறையில் கட்டில் ஒருமுறைகூடக் கிரீச்சிடவில்லை. சுவருக்கு அப்பால் ஒருவர் அசையாமல் படுத்திருப்பதை, கண் திறந்தபடி படுத்திருப்பதை, அவள் தோலாலேயே உணர்ந்தாள். சில நாட்களில், பென்டில் ஹில் கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்துகொண்டு, பஞ்சுல் துறைமுக அலுவலகத்தின் இலக்கத்தைத் தேடி எடுப்பாள். பச்சைப் பொத்தான்மேல் விரல் நிற்கும். அழுத்தவில்லை. யாரும் எடுக்காமல் விடுவார்கள் என்பதல்ல அவளுடைய பயம். எடுத்தால் என்ன சொல்வார்கள் என்பதுதான். இருமி இருமி ஓடிய அந்த மனிதர் எங்கே படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார், இன்னும் அந்தச் சட்டையோடுதான் நிற்கிறாரா என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்குவது நின்றுபோனது. பசிக்கவும் இல்லை. உடம்பு மெலியவும் இல்லை.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் மயூரா தனியாக வந்தாள். வந்த கையோடு கைபேசியை எடுத்தாள்.

"அம்மா, உங்கட கப்பல் வைரலாப் போயிருக்குத் தெரியுமே? கீர்த்தனன் அனுப்பினவர். பஞ்சுல்ல ஆரோ ஓடி வாறாங்கள், செம பகிடி. பொறுங்கோ, டிவியில போடுறன்."

சோபாவில் அவருக்கும் மயூராவுக்கும் நடுவில் யோகராணி இருந்தாள். அவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பது நின்றது.

"இப்ப வேண்டாம் மயூரா," என்றார்.

"ஒரு நிமிசம்தான் அப்பா."

பெரிய திரையில் தூசி மூடிய துறை வந்தது. ஆஸ்திரேலியக் குரல்கள் சிரித்தன. தொப்பி போட்ட மனிதர் காலை இழுத்து இழுத்து ஓடி வந்தார். படமெடுத்தவர் கிட்டவாக இழுத்தார். முகம் திரையை நிறைத்தது.

மயூராவின் சிரிப்பு நின்றது.

"அப்பா. இது நீங்கள்."

அவர் பாதி உரித்த தோடம்பழத்தை மடியில் வைத்தார்.

"நீங்கள்தானே. இந்த ஷர்ட் நான் வாங்கித் தந்தது." கமரா சட்டென்று கப்பல் பக்கம் திரும்பி, மேல்தளக் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. கைப்பிடிக் கம்பியில், பச்சைச் சட்டையில், யோகராணி. அவள் தோள்களைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, பழுப்புக் கட்டச் சட்டையில், கேதீஸ்வரன். "ஹவ்... அம்மா, இதென்ன?"

அத்தனை மாதமும் நெஞ்சில் அடைத்துக் கிடந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. யோகராணி அழுதுவிட்டாள். கண்டுவிட்டாள். பிள்ளை கண்டுவிட்டாள். இனி அவள் தனியே இல்லை. மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரிடமிருந்து விலகி மயூராவோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"பாத்தியே? நான் சொல்லப் பயந்து கிடந்தனான். அதுதான் உன்ர அப்பா. அங்க விட்டிட்டு வந்தது உன்ர அப்பாவை. இது அவர் இல்லை, மயூரா."

மயூரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமரா மறுபடி துறைக்குப் போயிருந்தது.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள்.

குள்ளமான பெண். பச்சைச் சட்டை. தோளில் குறுக்காக மாட்டிய பை. ஒரு செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். ஓடத் தெரியாமல் ஓடினாள். தொப்பி போட்ட மனிதர் நின்று, திரும்பிப் போய், அவள் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் விலகிப் போகும் கப்பலை அண்ணாந்து பார்த்தார்கள். படமெடுத்தவர் இன்னும் கிட்டவாக இழுத்தார்.

யோகராணி திரையில் தன் முகத்தையே பார்த்தாள்.

அவளுடைய மூக்குத்தி. அவளுடைய வாய். அந்த வாய் மயூராவின் அப்பாவிடம் ஏதோ கேட்டது, பிறகு அழத் தொடங்கியது.

மயூரா தன் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். உதறவில்லை. உறங்கும் நாயின் பக்கத்திலிருந்து கையை எடுப்பதுபோல, மெதுவாக, ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.

"பிள்ளை," என்றாள் யோகராணி. "நான் அம்மா."

அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. நீலப் போர்வை. மயூராவின் முதல் பல். பள்ளிக்கூட வாசலில் அழுத அழுகை. எல்லாம்.

மயூரா எழுந்து பின்பக்கமாகவே நடந்து, டிவியில் முதுகு முட்ட நின்றாள். கார்ச் சாவி அவள் கையில் இருந்தது. அவரை அவள் பார்க்கவில்லை. யோகராணியை மட்டும் பார்த்தாள்.

"அந்தக் கோல்," என்றாள். "பின்னால அழுதது." வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, மூன்று வயதுக் குழந்தையின் குரலில், "வேர் இஸ் மை மம்?" என்றாள்.

சோபாவில் யோகராணியின் கைமேல் ஒரு கை வந்து மூடியது. அவருடைய கை. அதில் சூடு இல்லை. குளிரும் இல்லை. அவள் குனிந்து இரண்டு கைகளையும் பார்த்தாள். எங்கே அவருடைய தோல் முடிகிறது, எங்கே தன்னுடையது தொடங்குகிறது என்று தொட்டுப் பார்த்து அறிய அவளால் முடியவில்லை.

ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மயூராவின் தோளுக்குப் பின்னால், திரையில், தூசி நிறைந்த துறையில் அந்தப் பெண் கையைத் தூக்கி, கப்பலைப் பார்த்து அல்ல, நேராக இந்த அறையைப் பார்த்து, கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.